பாரம்பரியம், பில்லோடு சேர்த்து

ஷனெல் நிறுவனம் கைப்பை விற்றாலும் முத்துச்சரம் விற்றாலும் ஐந்தாம் எண் சென்ட் விற்றாலும், கூடவே ‘பாரம்பரியம்’ என்ற ஒன்றையும் பில்லில் ஏற்றிவிடுகிறது. நடுத்தர அளவுக் கைப்பையே 10,000 யூரோவைத் தாண்டிவிட்டது. தோலுக்கும் சங்கிலிக்கும் அவ்வளவு ஆகாது; மிச்சமெல்லாம் பாரம்பரியத்தின் விலை. இத்தனை கொடுப்பவருக்குச் சரக்கை முழுசாகத் தர வேண்டாமா?

விளம்பரத்தில் வருகிற பாதிச் சரக்கு எல்லோருக்கும் தெரியும். அநாதை விடுதியில் வளர்ந்த கப்ரியேல் ஷனெல் பாரிஸ் கம்போன் தெருவில் கடை போட்டார், 1921இல் சென்ட் இறக்கினார், 1932இல் வைர நகைக் கண்காட்சி நடத்தினார். ஆகா! அதற்கப்புறம் படம் நேராக 1954க்குத் தாவிவிடும். நடுவில் கரண்ட் போயிருந்தது போலும்.

1936இன் வேலைநிறுத்த அலையில் தையல் பெண்கள் முதலாளியம்மாவையே கடைக்குள் விடவில்லை. 1939இல் போர் வந்ததும் அம்மணி உடைப் பிரிவை இழுத்து மூடினார். ஆயிரக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சென்ட் வியாபாரம் மட்டும் ஜோராக நடந்தது. நாஜிகள் பிடித்த பாரிஸில் அம்மணி வாசம் ரிட்ஸ் ஓட்டலில். துணைக்கு டிங்க்லாகே என்ற ஜெர்மன் உளவு அதிகாரி. ஜெர்மன் உளவுத்துறைக் கோப்பில் அம்மணிக்கும் ஓர் எண் உண்டு: எஃப்-7124. ஐந்தாம் எண்ணுக்கு விளம்பரம் செய்பவர்கள் இந்த எண்ணை ஏனோ தொடுவதில்லை.

1924 ஒப்பந்தப்படி சென்ட் கம்பெனியில் அவர் பங்கு பத்தே சதவீதம். 70 சதவீதம் வெர்தைமர் சகோதரர்களுடையது. அவர்கள் யூதர்கள், உயிர் பிழைக்க அமெரிக்காவுக்கு ஓடியிருந்தார்கள். பங்காளி ஓடினால் அவன் பங்கை என்ன செய்வது? 1941 மே மாதம் ஆக்கிரமிப்பு நிர்வாகத்துக்குக் கடிதம் போட்டார் அம்மணி: கம்பெனி இன்னும் யூதர் சொத்தாகவே இருக்கிறது, உடையவர்கள் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், முதல் உரிமை எனக்கே. அடுத்த மார்ச்சில் பிரான்சிலிருந்து ஆஷ்விட்சுக்கு முதல் ரயில் புறப்பட்டது. கம்பெனி தப்பியது, வெர்தைமர்கள் அதை முன்கூட்டியே ஃபெலிக்ஸ் அமியோ என்ற யூதரல்லாத விமானத் தொழிலதிபர் பெயரில் மாற்றி வைத்திருந்ததால்தான்.

விடுதலை வந்தது. ஜெர்மன்காரனோடு படுத்தாள், பழகினாள், வேலை பார்த்தாள் என்று சுமார் 20,000 பெண்களின் தலையை மழித்து, பலரை வீதி வீதியாக ஊர்வலம் விட்டது பிரான்ஸ். ஷனெலையும் பிடித்தார்கள். சில மணி நேரத்தில் விட்டுவிட்டார்கள். ஒரு முடி உதிரவில்லை. நேராக சுவிட்சர்லாந்து. மழிக்கப்பட்ட தலைகளுக்குச் சுவிட்சர்லாந்தில் யார் வீடு பார்த்து வைத்திருந்தார்கள்?

வெர்தைமர்கள் என்ன செய்தார்கள்? 1947இல் உலக விற்பனையில் இரண்டு சதவீதம் கொடுத்துச் சமாதானமானார்கள். 1954இல் அம்மணி மறுபடி கடை திறந்ததும் அவர்கள் பணத்தில்தான். சென்ட் விற்க அந்தப் பெயர் வேண்டும். அந்தப் பெயருக்குக் கறை ஆகாது. இன்றும் கம்பெனி அதே குடும்பத்தின் கையில். ரிட்ஸ் ஓட்டலோ ஓர் அறைத்தொகுதிக்கே அம்மணி பெயரை வைத்து வாடகைக்கு விடுகிறது.

2011இல் உளவு விவகாரம் புத்தகமாக வந்தபோது கம்பெனி விளக்கம் தந்தது. அவர் யூத விரோதியே இல்லையாம். யூத நண்பர்கள் இருந்தார்களாம், யூதர்களோடு சேர்ந்து தொழில் செய்தாராம். செய்தார்தான். அந்தத் தொழிலைப் பிடுங்கத்தானே கடிதம் எழுதினார்!