முதல்ல ஸ்டார்ட்டை அமுக்குய்யா!

கான்ட்ராவின் மூன்றாம் கட்டம், அதுதான் அருவியில் ஏறுகிற இடம், ஒரு தாவல் பிடிபடாமல் வீடியோ தேடினேன். "வணக்கம் மக்களே" என்று ஆரம்பித்தவர் வணக்கத்திலேயே நின்றுவிட்டார். லைக் போட வேண்டுமாம், மணியை அமுக்க வேண்டுமாம், போன வாரம் ஏன் வீடியோ வரவில்லை என்று தொண்டை கட்டிய வரலாறு வேறு. பின்னால் டைட்டில் திரையில் வீரர்கள் இருவரும் துப்பாக்கியோடு பாவமாகக் காத்திருக்கிறார்கள். சூப்பர் மாரியோ மொத்தத்தையும் 5 நிமிடத்துக்குள் முடித்து இளவரசியை மீட்கிற ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள். இவரால் அதற்குள் ஸ்டார்ட் பட்டனை அமுக்க முடியவில்லை.

ஒருவழியாக அருவி வந்தது. 256க்கு 240 புள்ளிகளில் கச்சிதமாக அடங்கிய படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிட்டிருந்தார். வீரர்கள் கல்யாண வீட்டில் மூன்று பந்தி உட்கார்ந்து எழுந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். செத்தபோதெல்லாம் எமுலேட்டரில் பின்னோக்கி ஓட்டிக்கொண்டு, கடைசியில் "ஒரு உயிர்கூடப் போகல மக்களே" என்று மார்தட்டல். இதற்கு மேல்-மேல்-கீழ்-கீழ் அமுக்கி 30 உயிர் வாங்குவது எவ்வளவோ கௌரவம். அந்த அமுக்கு வரிசையை முதலில் வைத்தவர் கோனாமியில் இருந்த ஹஷிமோட்டோ. 1986இல் கிரேடியஸை வீட்டுக் கருவிக்குக் கொண்டுவந்தபோது, சோதித்துப் பார்க்கத் தனக்கே ஆட்டம் கடினமாக இருந்ததால் செய்துகொண்ட குறுக்குவழி அது. மனிதர் அதை வெளிப்படையாகச் சொன்னார்.

"இப்படிப் புலம்புறதுக்கு நீங்களே ரெக்கார்ட் பண்ணிப் போடலாமே மாமா" என்றான் அக்கா மகன். போடலாம்தான். எந்த ஆட்டத்தை முதலில் பதியப்போகிறேன் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் பார்வையாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை.

அடுத்தவன் ஆடுவதை உட்கார்ந்து பார்ப்பது இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்தது இல்லை. தொண்ணூறுகளிலேயே என் தம்பி அதைச் செய்தான், விருப்பமில்லாமல். மாரியோவில் "இரண்டு பேர்" என்று தேர்ந்தெடுத்தால், முதல் ஆள் சாகும்வரை இரண்டாம் ஆள் வேடிக்கை பார்க்க வேண்டும் என்று பொருள். நான் குழாய்க்குள் இறங்கிக் காசு பொறுக்கி, 1-2இல் கூரைக்கு மேலேறி ஓடி, சாவகாசமாக வருவேன். அவன் கன்ட்ரோலரை இறுக்கிப் பிடித்தபடி "செத்துரு, செத்துரு" என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பான். நான் கேட்ட முதல் நேரலை வர்ணனை அதுதான். அவன் முறை வந்ததும் எதிரே வருகிற முதல் காளான் பொம்மையில் முட்டிச் சாவான். மறுபடியும் பார்வையாளர்.

பேட்டில் சிட்டியில் இருவரும் சேர்ந்து ஆடலாம் என்பதால் அங்கே பழிவாங்குவான். அவன் குண்டு என் டாங்கியில் பட்டால் கொஞ்ச நேரம் அசைய முடியாமல் மினுக்கிக்கொண்டு நிற்பேன். அந்த இடைவெளியில் திரும்பிப் போய், நாங்கள் இருவரும் காக்க வேண்டிய கழுகைச் செங்கல் சுவரோடு சுட்டுவிடுவான். எதிரி டாங்கிகள் 20இல் ஒன்றுகூடப் பக்கத்தில் வந்திருக்காது. அம்மாவிடம் போனால், "சின்னப் பையன், தெரியாமச் சுட்டிருப்பான்."

கணக்கை நான் கான்ட்ரா அருவியில் தீர்ப்பேன். முதலில் ஏறுகிறவனோடு திரையும் மேலே போய்விடும், கீழே தங்கியவன் அடி விளிம்பிலேயே சாவான். எதிரி வேண்டாம், குண்டு வேண்டாம், அண்ணன் வேகமாக ஏறினால் போதும். ரோடு ஃபைட்டரிலோ ஒருவர்தான் ஓட்ட முடியும். ஓரமாகப் பறந்து வருகிற சூப்பர்மேனைப் பார்த்துக் கத்துவதுதான் தம்பிக்கு ஒதுக்கிய வேலை. அது சூப்பர்மேன் இல்லை, கோனாமி மேன் என்று பின்னால் தெரிந்தது. அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

எங்கே விட்டேன்? பதிவு. அதற்கு ஓபிஎஸ் வேண்டும் என்றான் மருமகன். இபிஎஸ் வேண்டாமா என்று கேட்டேன். அது திரையைப் பதிகிற சாஃப்ட்வேர் என்று சிரிக்காமல் விளக்கினான். இந்தத் தலைமுறையோடு எனக்கிருக்கும் உண்மையான மனத்தாங்கல் இதுதான்.

துப்பாக்கியால் வாத்து சுடும் ஆட்டத்தைப் பதியலாம் என்றால் வீட்டில் எல்இடி டிவி. விசையை அமுக்கியதும் திரை கணநேரம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் மின்ன வேண்டும்; துப்பாக்கியின் கண் அதைப் பார்க்க வேண்டும். புது டிவிகள் படத்தைத் தாமதமாகக் காட்டுவதால் வாத்து சாகாது, நாய் மட்டும் சிரிக்கும்.

"எதுவா இருந்தாலும் உங்க முகம் தெரியணும் மாமா. அப்பதான் பார்ப்பாங்க." சரி, முதலில் மாரியோதான் என்று முடிவுசெய்தேன். அதில் திரையின் மேற்பக்கம் முழுக்க மதிப்பெண்ணும் காசும் நேரமும். வலது கீழே எதிரி வருகிற வழி. இடது கீழே நானே ஓடிக்கொண்டிருக்கிறேன். இத்தனை பேர் பார்க்க, முதல் காளானிலேயே முட்டிச் செத்தால் அப்புறம் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன்?

"வலது மூலையிலயே வைங்க மாமா" என்கிறான்.