அவளுடைய இடது கை

1982-இல் எங்கள் தோட்டம் முழுவதற்கும் ஒரே ஒரு கிட்டார்தான் இருந்தது. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரங்களுக்கு நடுவே மூன்று வரிசை லயம். அதில் எங்கள் வீட்டு வாசலில் அது சாய்ந்திருக்கும். சீனாவின் குவாங்சோவில் செய்த கபோக் கிட்டார். ஈப்போவுக்கு பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். காசு என் அம்மாவுடையது. கூரைத் தகரம் மாற்றுவதற்காக ஒட்டுப்பால் காசில் மிச்சம் பிடித்து வைத்திருந்தாள். "கூரையை அடுத்த மழைக்குப் பார்த்துக்கலாம், போய் வாங்கிட்டு வா" என்றாள். அடுத்த மழையில் அந்த ஓட்டைக்கு நேர்கீழே அவள்தான் பால்வாளியை நகர்த்தி வைத்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கபோக் என்றால் மலாயில் இலவம்பஞ்சு. எந்த நாட்டில் யார் செய்ததானாலும், மின்சாரம் வேண்டாத கிட்டாரைப் பார்த்தால் மலாய் நண்பர்கள் 'கித்தார் கபோக்' என்றே சொல்வார்கள். ஒரு மலிவான கிட்டாரின் பெயர் அந்த இனத்துக்கே பெயராகிவிட்டதென்றால், அது எத்தனை ஏழை வீடுகளுக்குள் நுழைந்திருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அந்த வருடம்தான் 'பயணங்கள் முடிவதில்லை' படம் வந்தது. அதிலுள்ள 'இளைய நிலா' பாட்டின் தொடக்கத்தில் வரும் கிட்டாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்பதெல்லாம் பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். அன்று தெரிந்தது ஒன்றுதான்: அந்தச் சில வினாடிகளை எப்படியாவது விரலுக்குள் கொண்டுவர வேண்டும். கேசட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றியதில் அந்த இடத்தில் நாடாவே தேய்ந்துவிட்டது.

ஆனால் என் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. ஆறு இரும்புக் கம்பிகளும் முறுக்கேறி நிற்கும்போது ஏறக்குறைய 70 கிலோ விசையில் மேல்பலகையை இழுக்கின்றன. பேராக்கின் ஈரக்காற்றில் பலகை ஊறிப் பருக்கும், மேடு தட்டும், கம்பி கழுத்தை விட்டு எழும்பி நிற்கும். நானோ அதை மழைச்சாரல் படும் வாசலில் வைத்திருந்தவன். குற்றம் கிட்டாருடையதல்ல. அந்த உயரத்திலிருந்து கம்பியை அழுத்திப் பிடிக்க, தோட்டத்துக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த என் விரலுக்கு வலு போதவில்லை.

1984-இல் எனக்குத் திருமணம் நடந்தது. என் மனைவி பதினாறு வயதிலிருந்து பால்மரம் வெட்டுகிறவள். விடிவதற்கு முன்பே நிரைக்குப் போய்விட வேண்டும். குளிர்ச்சி இருக்கும்வரைதான் மரத்துக்குள் அழுத்தம் நிற்கும், பாலும் நின்று ஒழுகும்; வெயில் ஏறினால் குறைந்துவிடும். ஒவ்வொரு நாளும் கத்தி வைப்பதற்கு முன், முந்தைய வெட்டில் நூலாக உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை விரலால் உரிப்பாள். பால் பிடிக்கும் மங்கில் ஒட்டியிருப்பதையும் பிடுங்கிப் போடுவாள். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்கள். அவள் விரல் நுனிகள் காய்த்துப்போய், தொட்டால் மரப்பட்டை போலிருக்கும். வெளியூர் விசேஷங்களில் கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொள்வாள்.

ஒரு மாலை நான் கம்பியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, "தள்ளுங்க" என்று இடப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். எந்த இடம் என்று காட்டினேன். அழுத்தினாள். அதுவரை அந்தக் கிட்டாரிலிருந்து நான் கேட்டிராத சுத்தமான ஒலி வந்தது. அவளே திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து அப்படித்தான். மடியில் கிட்டார் என்னிடம், மீட்டுவது என் வலது கை. கழுத்தில் ஓடுவது அவளுடைய இடது கை. இரண்டு பேருக்கும் மூச்சு ஒன்றாக வராவிட்டால் பாட்டு வராது. தோட்டத்து மின்சாரம் நின்ற பிறகும் இருட்டில் கொஞ்ச நேரம் தொடரும். நாலு மணிக்கு எழ வேண்டியவள், "இன்னும் ஒரு தடவை" என்பாள். பிறகு அவள் எந்த விசேஷத்திலும் கையை மறைத்து நான் பார்க்கவில்லை.

பிறகு கித்தா மரங்களை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். லயம் காலியானது. நாங்கள் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் குடியேறினோம். கச்சாங் பூத்தே என்னும் கடலை வகைகள் வறுக்கும் வாசனைக்கு நடுவில் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அவள் தொழிற்சாலைக்குப் போனாள், நான் லாரிக் கம்பெனிக்கு. கிட்டாரை மட்டும் விடவில்லை. இப்போது வீட்டில் நான்கு இருக்கின்றன. கைப்பேசியில் தேர்ந்தெடுத்தால் மூன்றாம் நாள் கிட்டார் வாசலுக்கு வருகிறது. பலகை ஊறாமலிருக்க உறைக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டு, பக்கத்தில் ஈரமானியும் வைத்திருக்கிறேன். ஐம்பதுக்கு இறங்க வேண்டிய அதன் முள் ஈப்போவில் எண்பதுக்குப் பக்கத்திலேயே நிற்கும். நாங்கள் உட்கார்ந்து வாசிக்கும் நாற்காலிகள் ரப்பர் மரத்தில் செய்தவை. தோட்டத்தில் அந்த மரம் ரப்பர் தாள் உலர்த்தும் புகைக்கூண்டுக்கு விறகாகத்தான் போனது. பாலை மட்டும் வாங்கிக்கொண்டு மரத்தை அப்படி எரித்தோமே என்று அவள் கைப்பிடியைத் தடவிக்கொண்டு சொல்வதுண்டு.

அவள் விரல்களில் காய்ப்பு எப்போதோ உதிர்ந்துவிட்டது. மருத்துவர் கையைப் பிடித்துப் பார்த்தபோது, "மென்மையான கை" என்றார். அவள் முகம் வாடியதை நான் கவனித்தேன். போன வருடத்திலிருந்து இடது நடுவிரல் மடங்கினால் நிமிர மறுக்கிறது. கம்பியை அழுத்தவே கூடாதென்று சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு வாரம் உறையைத் திறக்காமல் இருந்தோம். எட்டாம் நாள் நைலான் கம்பி போட்ட கிட்டாரை எடுத்து அவள் மடியில் வைத்தேன். நான் அவளுக்கு இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"என்னங்க செய்றீங்க?"

"நீ மீட்டு. நான் பிடிக்கிறேன்."

நாற்பது வருடத்துப் பழக்கம் மாறிப்போனதில் இருவருமே தடுமாறினோம். அவள் கட்டைவிரல் முந்தியது, என் விரல் பிந்தியது. நிறுத்தினோம், மறுபடி தொடங்கினோம். மூன்றாவது முறை, 'இளைய நிலா' தொடங்கும் இடம் ஏறக்குறைய சரியாக வந்தது.

"இன்னும் ஒரு தடவை" என்றாள்.