‘எங்கியோ லூஸ் காண்டாக்ட்’: செய்தித் தீர்ப்பியலுக்கு ஒரு முன்னுரை

அறிவியல், தொழில்நுட்பம், கல்வி ஆகிய மூன்று துறைச் செய்திகளைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர்கள் வழங்கும் தீர்ப்புகளைத் தொகுத்து, வகைப்படுத்தி, அவற்றின் மெய்ப்பொருள் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களங்களாக டீக்கடை பெஞ்சு, சலூன், அடுக்குமாடிக் குடியிருப்பின் மாலை நடை, கல்யாண மண்டபத்தில் முதல் பந்தி எழுவதற்குக் காத்திருக்கும் கூட்டம் ஆகியவை எடுத்துக்கொள்ளப்பட்டன. ஆய்வுமுறை, பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுப்பது. நோட்டுப் புத்தகத்தை வெளியில் எடுக்கக் கூடாது. எடுத்தால் அரசாங்கக் கணக்கெடுப்பு என்று நினைத்து முதியோர் உதவித்தொகை ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்பார்கள்.

முதலில் அடிப்படை நூற்பா. இது இவ்வாய்வாளரே யாத்தது. யாப்புக் குற்றங்களுக்கு அவரே பொறுப்பு.

தலைப்பெனப் படுவது தானே செய்தி;
தொடர்ச்சி என்பது பிறன்கைத் தாளே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், தீர்ப்புக்கு வேண்டிய தரவின் அளவு உணர்த்துதல் நுதலிற்று. டீக்கடைக்கு வரும் செய்தித்தாள் காலை ஆறு மணி வரைதான் ஒரே பொருள். ஆறேகாலுக்கு அது தாள் தாளாகப் பிரிந்து பெஞ்சு முழுக்கப் பரவிவிடும். முதல் பக்கம் கிடைத்தவர் “ஒளியை மிஞ்சியது துகள்” என்ற தலைப்பையும் அடுத்த நான்கு வரியையும் படிப்பார். அதன் கீழே ‘7ஆம் பக்கம் பார்க்க’ என்றிருக்கும். ஏழாம் பக்கம், ராசிபலன் பார்க்கும் இன்னொருவர் கையில் இருக்கும். அவரிடம் பிடுங்குவது நாகரிகமில்லை. டீயோ ஆறிக்கொண்டிருக்கிறது. ஆகவே இருக்கும் நான்கு வரியை வைத்துத் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். நம் மக்கள் முழுதும் படிக்காமல் கருத்துச் சொல்கிறார்கள் என்று குறைப்படுவோர் இந்தத் தாள் பிரிப்பு விதியை அறியாதவர்கள்.

இப்படி வழங்கப்படும் தீர்ப்புகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. செய்திகள் நாள்தோறும் புதிது. தீர்ப்புகளோ ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். இவ்வாய்வு நிறுவ முனைவது இதுதான்: பெஞ்சின் கையிருப்பில் உள்ள இந்தச் சொற்பத் தீர்ப்புகள், உலகத்தின் மிகப் பெரிய ஆய்வுக்கூடங்களின் விஷயத்தில், அறிவியலர்கள் சங்கடப்படும் அளவுக்குச் சரியாக இருந்திருக்கின்றன.

தலையாய தீர்ப்பு ‘எங்கியோ லூஸ் காண்டாக்ட்’. இதன் பிறப்பிடம் வீட்டுச் சுவர். மூன்று பின் பிளக்கை மாட்டினால் மிக்ஸி ஓடாது, கையால் அழுத்திப் பிடித்தால் ஓடும், விட்டால் நிற்கும். இதற்குப் பரம்பரையாக வரும் சிகிச்சை, ஓட்டையில் ஒரு தீக்குச்சியையோ மடித்த பஸ் டிக்கெட்டையோ செருகுவது. எலெக்ட்ரீஷியன் வந்தாலும் டெஸ்டரை எடுப்பதற்கு முன் ஒயரை ஒரு முறை ஆட்டிப் பார்க்கிறார். ஆட்டிப் பார்ப்பது சோதனை. ‘ம்ம்’ என்பது முடிவு.

இனி 2011 செப்டம்பருக்கு வருவோம். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து நியூட்ரினோ துகள்களை நிலத்துக்கு அடியிலேயே சுமார் 730 கிலோமீட்டர் தள்ளி, இத்தாலியின் கிரான் சாசோ மலைக்குள் இருந்த கருவிக்கு அனுப்பினார்கள். ஓப்பரா என்பது அந்த ஆய்வின் பெயர். துகள்கள் ஒளி வந்து சேர வேண்டிய நேரத்துக்கு 60 நானோ நொடி முன்னதாக வந்துவிட்டன என்று அறிவித்தார்கள். ஒரு நொடியை நூறு கோடியாகக் கூறுபோட்டால் அதில் அறுபது கூறு. உலகமே அல்லோலகல்லோலப்பட்டது. ஐன்ஸ்டைன் தோற்றார் என்று எழுதினார்கள். கூடுதல் பரிமாணம் வழியாகக் குறுக்குப் பாதையில் வந்திருக்குமோ என்று கோட்பாட்டாளர்கள் கட்டுரை கட்டுரையாக எழுதித் தள்ளினார்கள்.

2012 பிப்ரவரியில் காரணம் வெளியாயிற்று. நேரம் காட்டும் ஜிபிஎஸ் கருவியையும் கணினியையும் இணைத்த கண்ணாடி இழைக் கேபிள் சரியாகத் திருகப்படவில்லை. லூஸ் காண்டாக்ட். கடிகார அலையியற்றியில் இன்னொரு பிழையும் இருந்தது. ஆனால் அது எதிர்ப்பக்கம் இழுக்கும் பிழை, ஆகவே நம் தீர்ப்புக்கு அதனால் பங்கம் இல்லை. அந்த மார்ச்சில் ஆய்வுக் குழுவின் செய்தித் தொடர்பாளர் பதவி விலகினார். நாற்பது ரூபாய் டெஸ்டரோடு வரும் ஒருவரை முதல் நாளே கூப்பிட்டிருந்தால் அந்த மனிதரின் பதவியாவது மிஞ்சியிருக்கும். நேர்மையாக ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்த ஆய்வாளர்கள் தங்கள் முடிவைத் தாங்களே நம்பாமல்தான், தவறு எங்கே என்று கண்டுபிடியுங்கள் என உலகத்தின் முன் வைத்தார்கள். பெஞ்சுக்கு அந்த வழக்கம் கிடையாது.

இரண்டாவது தீர்ப்பு ‘அடுப்படியில யாரோ என்னமோ பண்றாங்க’. தூர்தர்ஷன் காலத்தில் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ ஓடும்போது திரையில் புள்ளியும் கோடுமாக வந்தால், ஆன்டெனாவைத் திருப்ப மொட்டை மாடிக்கு ஓடுவதற்கு முன் பக்கத்து வீட்டை நோக்கி ஒரு குரல் கொடுப்பார்கள்: “அக்கா, மிக்ஸிய கொஞ்சம் நிறுத்துங்க!” சட்னி அரைபட்டு முடிந்ததும் படம் தெளியும். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியில், 64 மீட்டர் தட்டு கொண்ட பெரிய கருவி அது, 1998 முதலே விளங்காத ஒரு துடிப்பு அவ்வப்போது பதிவாகிவந்தது. ‘பெரிட்டான்’ என்று அதற்கு நாமகரணமெல்லாம் செய்து வைத்திருந்தார்கள். 2015இல் காரணம் தெரிந்தது: ஆய்வக வளாகத்தில், சூடாகி முடியும்வரை பொறுக்காமல் யாரோ மைக்ரோவேவ் அடுப்பின் கதவைத் திறந்திருக்கிறார்கள். அங்கே குரல் கொடுக்க ஒரு பக்கத்து வீட்டுக்காரர் இல்லாததுதான் குறை.

மூன்றாவது, பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் வழங்குவது: ‘யூனிட் போட்டியா?’ விடை சரியாக இருந்தாலும் பக்கத்தில் சென்டிமீட்டர் என்று எழுதவில்லையானால் அரை மார்க் போகும். “வெறும் 12ன்னா என்னடா, 12 மாடா?” என்று கேட்காத வாத்தியார் தமிழ்நாட்டில் பணி ஓய்வு பெற்றதில்லை. 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் செவ்வாய்க் காலநிலை விண்கலம் அந்தக் கோளைச் சுற்றப்போகும் தறுவாயில் காணாமல் போயிற்று. கலத்தைத் தயாரித்த நிறுவனத்தின் மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பிரிட்டிஷ் அலகில், பவுண்டு விசை நொடியில், கொடுத்திருக்கிறது. நாசாவோ அதை நியூட்டன் நொடி என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் நாலரை மடங்கு வித்தியாசம். 80 கிலோமீட்டருக்குக் கீழே போனால் பிழைக்காது என்றிருந்த கலம் 57 கிலோமீட்டர் உயரத்தில் காற்றுமண்டலத்துக்குள் பாய்ந்துவிட்டது. நம் வாத்தியார் அரை மார்க்தான் குறைப்பார். செவ்வாய் முழுக் கலத்தையும் குறைத்துக்கொண்டது.

‘கண்ணாடி போட்டா சரியாயிடும்’ என்பது நான்காவது. 1990இல் மேலே போன ஹபிள் தொலைநோக்கி அனுப்பிய படங்கள் கலங்கலாக இருந்தன. 2.4 மீட்டர் ஆடியின் விளிம்பு, தலைமயிர்க் கனத்தில் ஐம்பதில் ஒரு பங்கு அதிகமாகத் தேய்க்கப்பட்டிருந்தது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்ப் பார்வையைத் திருத்தும் ஆடிகளைப் பொருத்திவிட்டு வந்தார்கள். அதாவது கண்ணாடி போட்டுவிட்டார்கள். இதற்கு மேல் விளக்கவுரை வேண்டியதில்லை.

ஐந்தாவதான ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணு’ தீர்ப்பைப் பிள்ளைகள் பெற்றோருக்கு வழங்குகிறார்கள். தலைமுறை தலைகீழாகப் பாயும் ஒரே அறிவு இது. 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான ஒரு கோப்பினால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டிப் படுத்துக்கொண்டன. விமானங்கள் நின்றன, நம் நாட்டு விமான நிலையங்களில் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். மைக்ரோசாஃப்ட் தன் கிளவுட் வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன யோசனைகளுள் ஒன்று, கணினியைத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்யுங்கள், 15 முறை வரைகூடத் தேவைப்படலாம் என்பது. இரண்டாம் தடவையிலேயே அலுத்துக்கொண்டு “எனக்கு வராது, நீயே பாரு” என்று போனைப் பிள்ளையிடம் நீட்டும் அப்பாக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு தடை இங்கே எழும். சரியாக வந்தவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டு பெஞ்சுக்குப் பட்டம் கட்டுகிறீரே. 2008இல் செர்ன் மோதுகருவியை ஓட்டினால் கருந்துளை உண்டாகி உலகம் அழியும் என்று இதே பெஞ்சுதானே பதறியது எனின், ஒக்கும். ஆனால் அதைவிடக் கனமான தடை ஒன்று உண்டு. 1996இல் ராஜபாளையம் பக்கத்திலிருந்து மூலிகை பெட்ரோல் செய்தி வந்தது. இலையைப் போட்டுத் தண்ணீரைக் காய்ச்சினால் பெட்ரோல். அன்றைக்கு ஒருவர்கூட ‘எங்கியோ லூஸ் காண்டாக்ட்’ என்று சொல்லக் காணோம். சோதித்துப் பார்த்த அறிவியலர்கள் இது ஆகாது என்றபோது, பெட்ரோல் கம்பெனிக்காரன் விலைக்கு வாங்கிவிட்டான் என்று அவர்கள் மேலேயே பாய்ந்தார்கள்.

ஆகவே விதிக்கு ஒரு புறனடை வேண்டியிருக்கிறது. இயந்திரம் பிறத்தியாருடையது என்றால் தீர்ப்பு. நம்முடையது என்றால் பாசம். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான் 2இன் விக்ரம் கலம், நிலவுத் தரைக்கு 2.1 கிலோமீட்டர் வரை எல்லாம் ஒழுங்காக இருந்து, பிறகு தொடர்பிழந்தது. தொடர்பு அறுந்த ஒரு செய்தி! லூஸ் காண்டாக்ட் தீர்ப்புக்கு இதைவிடத் தோதான வழக்கு உண்டா? ஆனாலும் இவ்வாய்வாளர் செவிமடுத்த இடங்களில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. “அடுத்த தடவை இறங்கிரும்” என்றுதான் சொன்னார்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை இறங்கவும் இறங்கியது. அன்றைக்குப் பேச்சு முழுவதும், கலத்தைச் சோதித்துப் பார்த்த மண் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கம் எடுத்தது என்பதைப் பற்றியும், திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், முதலில் டிப்ளமோதான் படித்தார் என்பதைப் பற்றியும்.

அந்த ‘டிப்ளமோ’ என்ற சொல் விழுந்ததும் பேச்சு நிலவிலிருந்து இறங்கிவிட்டதைக் கவனிக்க. இதுவே ஆய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு. தமிழ்நாட்டில் எந்த அறிவியல் செய்தியும் மூன்றாவது வாக்கியத்தில் கல்விச் செய்தியாகி, ஐந்தாவது வாக்கியத்தில் ‘அப்ப பையனை எதுல சேக்கலாம்?’ என்று முடிகிறது. 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் வாரத்துக்கு 90 மணி நேரம் உழைக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று பேசியது வெளியானபோதுகூட, கறிக்கடை வரிசையில் நின்ற இரண்டு நிமிடத்துக்குள் பேச்சு, அப்படியானால் சிவில் வேண்டாம் என்பதில் வந்து நின்றது.

தீர்ப்பாளர்கள் வரிசையாகத் தோற்பதும் இந்த இடத்தில்தான். செர்ன் கேபிளைக் கண்ணால் பார்க்காமலே கண்டுபிடிக்கும் மதியூகம், பிள்ளையின் கோர்ஸ் என்று வந்ததும் மழுங்கிவிடுகிறது. காரணம் எளிய கணக்கு. பொறியியல் படிப்பு நாலு வருஷம். தீர்ப்பு சொல்லப்படுவதோ இன்று காலைச் செய்தியை வைத்து. 2000ஆம் ஆண்டுக் கணினிப் பிழையைச் சரிசெய்ய ஆள் ஆளாக அமெரிக்கா பறந்ததைப் பார்த்துவிட்டு அந்த ஆண்டு கம்ப்யூட்டரில் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டே டாட்காம் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்தன. பயந்துபோய் 2001இல் அதைத் தவிர்த்து வேறு பிரிவில் போட்டவர்களின் பிள்ளைகள் 2005இல் வெளியே வந்தபோது, ஐடி கம்பெனிகள் எந்தப் பிரிவென்று பாராமல் கல்லூரிக்குள் புகுந்து அள்ளிக்கொண்டிருந்தன. மெக்கானிக்கல் படித்தவரும் கோடு எழுதினார், சிவில் படித்தவரும் எழுதினார். 2008இல் லேமன் பிரதர்ஸ் விழுந்தபோது மறுபடியும் பயம். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்த பிறகு கவுன்சிலிங்கில் ‘ஏஐ’ என்ற இரண்டெழுத்து ஒட்டிய பிரிவு எதுவோ அதற்குத்தான் முதல் விருப்பம்.

தரவுக்காக ஓர் உரையாடல். இடம் டீக்கடை. நேரம் காலை. செய்தி, 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது.

“என்னண்ணே, ஏஐ வந்து வேலையெல்லாம் போயிருமாமே?”

“போகத்தான் செய்யும். தம்பிய எதுல சேத்திருக்க?”

“ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்ணே.”

“அப்புறமென்ன? வேலைய எடுக்கிறவன் பக்கம் நிக்கிறான். பயப்படாத.”

“மச்சினன் சொல்றாரு, இனிமே திரும்ப மெக்கானிக்கல்தானாம்.”

“அவரு பையன் என்ன படிக்கிறான்?”

“மெக்கானிக்கல்.”

ஆய்வின் முழுமை கருதி, சம்பந்தப்பட்ட பையனிடமும் கருத்துக் கேட்கப்பட்டது. அப்பாவின் டிவிஎஸ் எக்செல்லில் சாய்ந்து நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தச் செய்தியைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டதற்குத் தலையை நிமிர்த்தாமல் சொன்னான்:

“ஃபீஸ் கட்டியாச்சு அங்கிள்.”