ஊரறியத் திருடியவர்

‘களவும் கற்று மற’ என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். ரிக்கி ஹெண்டர்சன் கற்றார். மறக்கும் பகுதிக்கு வந்து சேர்வதற்குள் 25 சீசன்கள் ஓடிவிட்டன. கணக்கில் 1,406 திருட்டுகள் ஏறிவிட்டன. அத்தனையும் ஜனங்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அம்பயர்கள் முன்னிலையில் நடந்தவை.

அவதாரமே அவசரத்தில்தான் நிகழ்ந்தது. 1958 டிசம்பர் 25, சிகாகோ. ஏசுநாதருக்காவது ஒரு மாட்டுத் தொழுவம் கிடைத்தது. ரிக்கி ஆஸ்பத்திரிவரை பொறுக்க மாட்டாமல் போகும் வழியிலேயே, ஓல்ட்ஸ்மொபைல் காரின் பின்சீட்டில் பிறந்துவிட்டார். அன்றைக்குக் கொடிகட்டிப் பறந்த பாடகர் ரிக்கி நெல்சனின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள். பையனுக்குப் பாட்டு வந்ததாகத் தகவல் இல்லை. ஓட்டம் வந்தது.

வளர்ந்தது கலிஃபோர்னியாவில், ஓக்லாந்தில். அவருக்குப் பிடித்தது அமெரிக்கக் கால்பந்து. அதை ஆடினால் சீக்கிரம் எலும்பு முறிந்து வீட்டுக்கு வந்துவிடுவான் என்று கணக்குப் போட்ட அம்மா, பேஸ்பாலுக்குத் திருப்பிவிட்டார். பள்ளியில் ஒரு ஆலோசகர் அம்மையார், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒவ்வொரு திருட்டுக்கும் கால் டாலர் தருவதாக ஆசை காட்டினார். மாணவனுக்குக் காசு கொடுத்துத் திருடப் பழக்கிய பள்ளி வேறெங்காவது உண்டா என்று விசாரிக்க வேண்டும்.

இந்தத் திருட்டு என்னவென்று சொல்லிவிடுவது நல்லது. பேஸ்பாலில் 90 அடிக்கு ஒன்றாக நான்கு பேஸ்கள். முதல் பேஸில் நிற்பவர், மட்டையாளர் அடிக்கட்டும் என்று காத்திராமல், பந்தெறியும் பிட்சர் கையை ஓங்கியதுமே அடுத்த பேஸுக்கு ஓட்டம் பிடிக்கலாம். கேட்சர் பந்தைப் பிடித்து அங்கே எறிவதற்குள் போய்ச் சேர்ந்தால் திருட்டு, சேராவிட்டால் அவுட். எல்லாம் மூன்று, நான்கு விநாடிக்குள் முடிந்துவிடும்.

ரிக்கி தலை முன்னால் போக, மண்ணில் சறுக்கிப் போய்ச் சேருவார். ஆரம்பத்தில் உடம்பெல்லாம் அடி. ஒரு நாள் விமானம் அலுங்காமல் குலுங்காமல் தரையிறங்கியதைக் கண்டு அசந்துபோய், விமானியிடமே ரகசியத்தைக் கேட்டார். தாழப் பறந்து வந்து இறங்கினால் ஆட்டம் இருக்காது என்று பதில் வந்தது. மறுபடி மைதானத்தில் அவர் சறுக்கியபோது, வயிற்றுக்கும் தரைக்கும் இடையே காற்றுகூட நுழைய முடியவில்லை.

1979-இல் ஓக்லாந்து அணியில் நுழைந்தவர், மறுவருடமே 100 திருட்டு. 1982-இல் லூ பிராக் என்ற வீரரின் 118 என்ற ஒரே சீசன் சாதனை குறிவைக்கப்பட்டது. சொந்த ஊரில், டெட்ராய்ட் அணியுடன் ஆட்டம். சாதனையைச் சமன் செய்ய ஒன்றே ஒன்று பாக்கி. ரிக்கி முதல் பேஸில் தயார். ஆனால் இரண்டாம் பேஸில் சக வீரர் ஃப்ரெட் ஸ்டான்லி குத்துக்கல்லாக நிற்கிறார். ஆள் இருக்கும் வீட்டில் எப்படித் திருடுவது? ஸ்டான்லி வேண்டுமென்றே பேஸை விட்டு நகர்ந்து அவுட்டாகி, வீட்டைக் காலி செய்து கொடுத்தார். ரிக்கி பாய்ந்தார். அம்பயர் கையை உயர்த்தினார்: அவுட்! ஊரே சேர்ந்து செய்த தியாகம் வீண். சில நாள் கழித்து மில்வாக்கியில், யார் தயவும் இல்லாமல், ஒரே ஆட்டத்தில் நான்கு திருடி சாதனையைத் தாண்டிப்போனார். அந்த வருட மொத்தம் 130. பிடிபட்டது 42 முறை, அதுவும் சாதனைதான்.

பணவிஷயத்தில் இவரைப் போல ஒருவரைக் காண்பது அரிது. ஓக்லாந்து நிர்வாகத்தின் கணக்கில் ஒரு முறை பத்து லட்சம் டாலர் இடித்தது. கணக்கர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு தேடியதில், ரிக்கிக்குக் கொடுத்த காசோலை வங்கிக்கே போகவில்லை என்று தெரிந்தது. கேட்டால், அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாராம். கால் டாலருக்கு ஓடிய பையன், பத்து லட்சத்தைப் பூஜைப் படமாக்கிவிட்டார்.

1991 மே 1. பிராக்கின் வாழ்நாள் கணக்கான 938-ஐத் தாண்டி 939-வது திருட்டு. ஆட்டம் நிறுத்தப்பட்டது. ரிக்கி மூன்றாம் பேஸைப் பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கினார். பிராக் பக்கத்திலேயே நிற்க, மைக்கில் ‘இன்று நானே எல்லாக் காலத்திலும் மிகச் சிறந்தவன்’ என்று அறிவித்தார். பத்திரிகைகள் பொங்கின. அன்றிரவே டெக்சாஸில் 44 வயது நோலன் ரயன், எதிரணிக்கு ஒரு ஹிட்கூட விட்டுக்கொடுக்காமல் தன் ஏழாவது ‘நோ ஹிட்டர்’ ஆட்டத்தை முடித்துவிட்டு அடக்கமாகப் போனார். மறுநாள் ஒப்பிட்டுத் திட்ட வசதியாகப் போயிற்று.

தன்னைத் தானே ‘ரிக்கி’ என்று படர்க்கையில் சொல்லிக்கொள்ளும் மனிதர் என்பதால், எந்தக் கதையும் அவர்மேல் ஒட்டிக்கொள்ளும். ஜான் ஓலரூட் என்ற வீரர் மூளை அறுவைசிகிச்சைக்குப் பின் ஃபீல்டிங்கிலும் ஹெல்மெட் போடுவார். சியாட்டில் அணியில் அவரைப் பார்த்த ரிக்கி, “நியூயார்க்கில் என்னோடு ஆடிய ஒருவனும் இப்படித்தான் போடுவான்” என்றாராம். “அது நான்தான்” என்றாராம் ஓலரூட். அழகான கதை, முழுப் பொய். உடைமாற்றும் அறையில் எவரோ அடித்த ஜோக். ஆனாலும் ஊர் நம்பியது. ரிக்கி என்றால் எதையும் நம்பலாம் என்ற நிலை.

பார்வையாளர் சிரித்துக்கொண்டிருக்க, அவர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார். 39 வயதில், 1998-இல், 66 திருட்டுகளோடு அமெரிக்கன் லீகில் முதலிடம். 2001-இல் டை காப் என்ற வீரரின் வாழ்நாள் ஓட்டச் சாதனையை ஹோம் ரன் அடித்து முறியடித்தார். ஹோம் ரன் என்றால் பல்லாங்குழி ஆடிக்கொண்டே வீட்டுக்கு வரலாம். பிடிக்க ஆள் கிடையாது. இவர் கடைசியில் சறுக்கித்தான் வந்தார். பெரிய அணிகள் கைவிட்டதும் சின்ன லீகில் 46 வயதுவரை ஆடினார்.

2009-இல் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ வாக்கெடுப்பு. 539 பத்திரிகையாளர்களில் 511 பேர் ஆம் என்றார்கள். மீதி 28 பேர் 25 சீசன்களும் எந்த மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது விசாரணைக்குரிய விஷயம்.

2024 டிசம்பர் 20 அன்று, 66-வது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முன்பு, ரிக்கி போய்ச் சேர்ந்தார். அதிலும் அவசரம்தான். அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்று திட்டியவர்களுக்கு ஒரு சேதி: 2023-இல் திருட்டை ஊக்குவிக்கும் விதமாக விதியை மாற்றி, பேஸ்களைப் பெரிதாக்கி, பிட்சர் ஓட்டக்காரரை மடக்க எறிவதற்கும் கட்டுப்பாடு போட்டார்கள். அதற்குப் பிறகும் ஒரே சீசனில் 100-ஐத் தொட்டவர் எவரும் இல்லை. மைக்கில் அன்று அவர் சொன்னது இன்றுவரை சரியாகவே இருக்கிறது.