கோழிக்கும் ஒரு வானிலை அறிக்கை

எங்கள் அப்பாரு காலத்தில் சேலம் ஜில்லாவுக்கென்று தனி வானிலை கிடையாது. மாநிலச் செய்திகள் முடியும் தறுவாயில் ரேடியோவில் ஒரு வரி வரும்: தமிழகத்திலும் புதுவையிலும் வானிலை பொதுவாக வறண்டு காணப்படும். ராமேஸ்வரத்து மீனவருக்கும் ராசிபுரத்துக் கடலைக்காட்டுக்காரருக்கும் அந்த ஒரு வரிதான். நாமக்கல் அப்போது தனி மாவட்டம்கூட இல்லை. 1997இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது.

அப்பாரு ரேடியோவை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து கொல்லிமலையைப் பார்ப்பார். மலை பளிச்சென்று தெரிந்தால், “நாளைக்குக் கல்லக்கொடி புடுங்கலாம்.” மேகம் இறங்கி உட்கார்ந்திருந்தால், “பொறு, பாக்கலாம்.” பாதிக்குப் பாதி பலிக்கும். அந்த விதத்தில் அவரும் ரேடியோவும் சமம். அப்பாருக்குச் சம்பளம் மட்டும் இல்லை. ரொம்பவும் நெருக்கினால், “புரட்டாசியில பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்” என்று முடித்துவிடுவார். எந்தப் பக்கம் விழுந்தாலும் தோற்காத கணிப்பு அது. இன்றைய நிபுணர்கள் யாருக்கும் அந்தத் துணிச்சல் கிடையாது.

இப்போது காலம் முன்னேறிவிட்டது. முன்னேற்றம் முதலில் போய்ச் சேர்ந்தது கோழிக்கு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வானிலை ஆலோசனை மையம் அடுத்து வரும் நாட்களின் மழை, பகல் வெப்பம், இரவு வெப்பம், காற்றின் திசை, வேகம், ஈரப்பதம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியில் பண்ணைக் கோழிகளுக்கென்று சிறப்பு ஆலோசனையும் தருகிறது. சிரிப்பதற்கில்லை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. சூடு ஏறினால் வாயைத் திறந்து மூச்சு வாங்கும், தீவனத்தைக் குறைக்கும், முட்டை சிறுக்கும், ஓடு மெலியும். பகல் வெப்பம் 31, 32 டிகிரியோடு நின்று, இரவு 21, 22க்கு இறங்கும் ஐப்பசி வாரம் வாய்த்தால் வயிறாரத் தின்றுவிட்டு ஒழுங்காக முட்டையிடும். லட்சக்கணக்கில் கோழி வளர்க்கும் ஊரில் ஓரிரண்டு டிகிரி என்பது பணம்.

பண்ணை வைத்திருக்கும் மாமாவிடம் கேட்டேன்: “ஏனுங்க மாமா, இந்த வாரம் மழை உண்டுங்களா?”

“கோழிக்கு இல்லைன்னு போட்டிருக்குது மாப்ள. நமக்கு எப்படின்னு தெரியல” என்றார். அவர் செல்போனில் 2019இல் வந்த மேகதூத் செயலி இருக்கிறது, இன்னும் நாலைந்து வானிலைச் செயலிகளும் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத நாளில் எதை நம்புவீர்கள் என்றேன். வாசலுக்குப் போய்க் கொல்லிமலையைப் பார்த்தார்.

வறண்ட வாரத்தை இந்தப் பக்கத்தில் மனமாரக் கொண்டாடுகிறவர்கள் கிழங்கு மில்காரர்கள். மரவள்ளியை அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படிந்த மாவை எடுத்துக் குலுக்கி ஜவ்வரிசியாக உருட்டி, சூட்டில் வாட்டி, அப்புறம் சிமென்ட் களத்தில் கொட்டுகிறார்கள். அங்கிருந்து வேலை வெயிலுடையது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பெண்கள் பலகையால் தள்ளித் தள்ளிப் பரப்புவார்கள். நண்பகலில் அந்த வெள்ளையைக் கண் கொண்டு பார்க்க முடியாது. ஒரு தூற்றல் விழுந்தால் போதும், களம் முழுக்க ஓட்டம். ஈர மாவு புளித்துவிடும், நிறம் மங்கும். சேலத்தில் 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்துக்கு மூட்டை போகும்போது வியாபாரி முதலில் பார்ப்பது அந்த நிறத்தைத்தான்.

ஆனால் மில்லுக்கு அடுத்த காட்டில் கிழங்கு பிடுங்குகிறவர் வானத்தைப் பார்த்து ஏங்குவார். மண் இறுகிக் கிடந்தால் கிழங்கு பாதியில் ஒடிந்து மீதி உள்ளேயே தங்கிவிடும். மண்ணுக்குள் இருக்கும்வரை மழை கேட்கிற கிழங்கு, வேலி தாண்டியதும் வெயில் கேட்கிறது. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஊர் காய்ந்தால்தான் அவர்களுக்கு வேலை. இத்தனை பேரையும் திருப்திப்படுத்துகிற அறிக்கையை எந்த மையமும் எழுத முடியாது. கோழியைத் தேர்ந்தெடுத்தது புத்திசாலித்தனம். அது எதிர்த்துப் பேசாது.

இன்னொன்று. ‘வறண்ட வானிலை’ என்று சொன்ன மறுநாளே ‘ஓரிரு இடங்களில் மழை’ என்பார்கள். ஏமாற்று என்று பொங்க வேண்டாம். வானிலைத் துறையின் கணக்கில் ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை நனைந்தாலும் அது ஓரிரு இடங்கள்தான். அந்த நாலில் ஒன்று உங்கள் களமாகவும் இருக்கலாம். ஆகவே, களம் வைத்திருப்பவர்களே, அறிக்கை என்ன சொன்னாலும் சரி, கார்த்திகை கழியும்வரை தார்ப்பாயை மடித்து உள்ளே வைத்துவிடாதீர்கள்.