நடுங்காத கைகள்

போன ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், கும்பகோணம் பேருந்து நிலையத்தில் ஒரு மனிதர் விழுந்து இறந்தார். அப்போது அங்கே இருந்த உங்களைப் பற்றி இதுவரை யாரும் நாலு நல்ல வார்த்தை எழுதவில்லை. நான் எழுதுகிறேன். உங்களோடு நானும் நின்றவன். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

காலை எட்டேகால், மன்னார்குடி வண்டி கிளம்பும் நேரம். அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். கட்டம் போட்ட சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, கையில் மஞ்சள் பை. நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட் சுருள் ஒன்று பைக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. படியில் கால் வைக்கப் போனவர், யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பினார். அப்படியே சரிந்தார்.

முதலில் உங்கள் வேகத்தைச் சொல்ல வேண்டும். விழுந்த சத்தம் அடங்குவதற்குள் முப்பது பேர் கூடிவிட்டீர்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தவர் உண்டு. துண்டு போட்டுப் பிடித்த சீட்டை விட்டுவிட்டு இறங்கியவர் உண்டு. நமக்கென்ன என்று போனவர் ஒருவர்கூட இல்லை. இந்தக் காலத்தில் மனிதர்களுக்கு மனசு மரத்துப்போய்விட்டது என்கிறார்களே, அவர்கள் அந்த வட்டத்துக்குள் வந்து முகங்களைப் பார்த்திருக்க வேண்டும். எல்லா முகத்திலும் பதைப்பு இருந்தது. அது நடிப்பில்லை.

அவருடைய கைகால் இரண்டு மூன்று தடவை வெட்டி இழுத்தது. "பிட்ஸுய்யா! இரும்பு குடுங்க!" என்று ஒரு குரல். மறுநொடி எத்தனை சாவிக்கொத்துகள் நீண்டன! வண்டிச் சாவி, கடைச் சாவி, ஒரு அம்மா இடுப்பிலிருந்து உருவிய பீரோ சாவி. முன்பின் தெரியாத ஒருவர் கையில் வீட்டுச் சாவியைக் கொடுக்க ஒரு மனசு வேண்டும். உங்களில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவர் உள்ளங்கையை விரித்து, சாவியை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடி, தன் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல அத்தனை கனிவு. இதயம் சட்டென்று நின்றுபோனால் மூளைக்கு ரத்தம் போகாது; அப்போது உடம்பு சில நொடிகள் வலிப்பு வந்ததுபோலவே வெட்டும். கனிவான அந்த இரண்டு கைகளும் ஒரு முழம் தள்ளி, அவருடைய நெஞ்சுக்கு நடுவில் இருந்திருக்க வேண்டும்.

அடுத்தது உங்கள் நம்பிக்கை. அவர் வாய் திறந்து, கரையில் போட்ட மீன்போல, விட்டு விட்டு இழுத்தது. "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு, ஒண்ணும் ஆகாது" என்று பத்துப் பேராவது சொன்னீர்கள். யாரோ ஒருவர் பிழைத்துவிட்டார் என்பதில் இவ்வளவு சந்தோஷப்படும் கூட்டத்தை நான் பார்த்ததில்லை. ஒரு பெரியவர் மேலே பார்த்துக் கும்பிட்டார். அந்த இழுப்பு மூச்சில்லை. இதயம் நின்ற பிறகும் மூளையின் அடித்தண்டு சில நிமிடங்கள் அப்படி இழுக்க வைக்கும். நினைவில்லாமல் கிடப்பவர் இப்படி இழுத்தால், நெஞ்சை அழுத்தத் தொடங்கு, இன்னும் நேரமிருக்கிறது என்று அந்த உடம்பு கேட்கிறது. நாம் அதைக் கேட்டு ஆறுதல் அடைந்தோம்.

உங்கள் கைகளைத்தான் தனியாகச் சொல்ல வேண்டும். உங்களில் ஒருவர் எடுத்த வீடியோவைப் பிறகு பல தடவை பார்த்தேன். இரண்டு நிமிடம் நாற்பது நொடி. ஒரு இடத்தில்கூடப் படம் ஆடவில்லை. பின்னாலிருந்து ஆட்கள் இடிக்க, வண்டிகள் ஹாரன் அடிக்க, கண்ணெதிரே ஒரு உயிர் போய்க்கொண்டிருக்க, கையை அசையாமல் வைத்திருப்பது லேசா? நெஞ்சை அழுத்துவதற்கும் அந்தக் கைதான் வேண்டும். முழங்கை மடங்காமல், தோள் நேர் மேலே இருக்க, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறினால் போதும். ஆம்புலன்ஸ் வர பதினாலு நிமிடம் ஆயிற்று. ஏழு பேர் போதும். நாம் முப்பது பேர்.

அதிகம் பேர் இருந்ததுதான் காரணமோ என்னவோ. 1968-ல் டார்லி, லடானே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். அடுத்த அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல இன்டர்காமில் மாணவர்களைக் கேட்க வைத்தார்கள். தான் ஒருவர் மட்டுமே கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 விழுக்காட்டினர், அந்தக் குரல் ஓயும் முன்பே எழுந்து போய்ச் சொன்னார்கள். இன்னும் நாலு பேரும் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 விழுக்காட்டினர்தான் அப்படிப் போனார்கள். எழுந்து போகாதவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை என்பதையும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். பலருக்கு உள்ளங்கை வியர்த்து, கை நடுங்கிக்கொண்டிருந்ததாம். நம் கைகள் நடுங்கக்கூட இல்லை.

நம் கைகள் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு நாள் சிபிஆர் பயிற்சி கொடுத்தார்கள். தரையில் ஒரு பொம்மையைக் கிடத்தி, ஒவ்வொருவரையும் மண்டியிட வைத்து அழுத்தச் சொன்னார்கள். நான் நன்றாகச் செய்தேன் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அன்று காலை மன்னார்குடி வண்டிக்கு முன்னால் அந்தப் பாடம் ஒரு எழுத்து மறக்காமல் எனக்கு ஞாபகம் இருந்தது. நாலு நிமிடம் தாண்டினால் மூளை சேதமாகத் தொடங்கும் என்பது, அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைந்துகொண்டே வரும் என்பது, எல்லாம். 108-க்குப் போன் போட்டேன். இடத்தைத் தெளிவாகச் சொன்னேன். அதோடு என் கடமை முடிந்ததுபோல உள்ளே ஒன்று அடங்கிவிட்டது. தப்பாக அழுத்தி ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் ஒரு பக்கம், இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம் ஒரு பக்கம். நின்றேன்.

ஔவை தொண்டைமானின் படைக்கொட்டிலைப் புகழ்ந்தாளே, மயிற்பீலி சூட்டி, நெய் பூசி, கட்டுக்காவலில் பளபளவென்று இருந்த ஆயுதங்களை. அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. என் சான்றிதழை லேமினேட் செய்து அலமாரியில் வைத்திருக்கிறேன். ஒரு கீறல்கூட இல்லை.

சட்டத்துக்கு நீங்கள் தரும் மரியாதையையும் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு இளைஞர் குனிந்து சட்டைப் பித்தானில் கை வைத்தார். "தம்பி, தொடாத. நாளைக்கு போலீசு கோர்ட்டுன்னு நீதான் அலையணும்" என்று அக்கறையோடு தடுத்தீர்கள். அந்தப் பிள்ளையின் மேல் உங்களுக்கு இருந்தது உண்மையான அக்கறை. அவர் கையை எடுத்துக்கொண்டார். நெஞ்சடைத்து விழுந்தவருக்கு உதவ வந்தவரைப் போலீஸ் எதற்குத் தேடப் போகிறது? சாலை விபத்திலேகூட, உதவுகிறவர்களை அலைக்கழிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று உறுதி செய்துவிட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவையே சேர்த்தார்கள். நல்லெண்ணத்தோடு உதவப் போனவர் மேல் வழக்கு வராது. இது ஒவ்வொரு பேருந்து நிலையத் தூணிலும் எழுதியிருக்க வேண்டிய செய்தி. அந்தத் தூணில் அன்று மூன்று கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள் இருந்தன.

ஆம்புலன்ஸிலிருந்து ஒரு பெண் குதித்து இறங்கினாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பை இருக்கும் பக்கமே மண்டியிட்டாள், கழுத்தில் விரல் வைத்தாள், உடனே அழுத்த ஆரம்பித்தாள். அழுத்திக்கொண்டே, தலை நிமிராமல், "எத்தனை நிமிஷமா சிபிஆர் குடுக்கிறீங்கண்ணா?" என்று கேட்டாள். அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த கூட்டம் அப்போது காட்டிய அமைதியை நான் எந்தக் கோயிலிலும் கண்டதில்லை.

செய்தி சொல்வதிலும் நீங்கள் ஆம்புலன்ஸை முந்திவிட்டீர்கள். அது மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் முன்பே நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அவருடைய மகளின் போனுக்கு அந்த வீடியோ வந்துவிட்டது. முகம் சரியாகத் தெரியாத கோணம். மஞ்சள் பையும் பிரவுன் ஷீட்டும் துல்லியமாகத் தெரிந்தன. வாங்கி வரச் சொன்னது அந்தப் பெண்தான்.

சாவுக்குப் பிறகு நம் ஊர் செய்வதை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். டீ மாஸ்டர் தன் செலவில் வேன் பிடித்தார். முன்பின் தெரியாத ஒருவருக்கு மாலை வாங்கிக்கொண்டு பதினோரு பேர் அன்று சாயங்காலமே போனோம். தெரு முனையில் ஃபிளெக்ஸ் வைத்தாயிற்று. பந்தல் போட்டு, நாற்காலி இறக்கி, ஃப்ரீசர் பெட்டிக்குக் கரண்ட் இழுத்து, உறவுக்கெல்லாம் சொல்லி அனுப்பி, வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் ஏவவில்லை. நீர்மாலைக்கு யார் போவது, கோடித்துணி யார் எடுப்பது, எந்தப் பக்கம் தலை வைப்பது, பத்து வயதுப் பையனுக்கும் தெரிந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கண்ணால் பார்த்தே கற்றது. இதே ஊருக்கு, இதே பையனுக்கு, இன்னும் ஒரே ஒரு வேலையை யாராவது கற்றுக்கொடுத்திருக்கலாம்.

"கொடுத்து வெச்ச சாவு. படுக்கையில கிடக்காம பூப்போல போயிட்டாரு" என்று பந்தலில் ஒருவர் சொன்னார். பலர் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பதினாலு நிமிடத்தை அங்கே எப்படிச் சொல்வது?

பேருந்து நிலையத்துப் பூக்கார அம்மா பத்திரப்படுத்தித் தந்த மஞ்சள் பையை டீ மாஸ்டர் இறந்தவரின் மனைவியிடம் கொடுத்தார். சுருள் கொஞ்சம் நசுங்கியிருந்தது. அவர் அதை மடியில் வைத்துத் தடவி நேராக்கினார். பிறகு, "கடைசி நேரத்துல பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களாண்ணே?" என்று கேட்டார்.

"அநாதையா போகலம்மா. முப்பது பேரு சுத்தி நின்னோம்."

அந்த அம்மா எழுந்து, பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, எங்கள் பதினோரு பேரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.