இரண்டு ஊரும் மூன்று சாய்கோடும்: தேடி மாற்றுதல் பற்றி ஓர் ஆய்வு

கோப்புகளில் ஒரு சொல்லைத் தேடி வேறொன்றாக மாற்றும் கலையில் மாற்றுவதே பெரிது, தேடுவது அதற்கு முன் நடக்கும் சில்லறை வேலை என்பது பொதுக்கருத்து. அது தவறு என்பதே இவ்வாய்வின் துணிபு. தேடல் சரியாக இருந்தால் மாற்றுவதற்கென்று தனி அறிவு எதுவும் தேவைப்படாது. ஆய்வுக்களம் விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். பால்கோவாவும் வேட்டைநாயும் இவ்வாய்வின் எல்லைக்குள் வரா. ஊர்ப்பெயரை எப்படி எழுதினாலும் முன்னதன் இனிப்போ பின்னதன் பல்லோ மாறுவதில்லை. ஆய்வுக்கருவிகள், 1970களின் முற்பகுதியில் பெல் ஆய்வகத்தில் பிறந்தவை: கென் தாம்சனின் கிரெப், லீ மக்மஹோனின் செட். முன்னது தேடும், பின்னது மாற்றும். செட்டுக்கு இடும் கட்டளை ஒரு சூத்திரம் போன்றது: எஸ், சாய்கோடு, பழையது, சாய்கோடு, புதியது, சாய்கோடு, ஜி. கடைசி ஜி இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியிலும் முதல் இடம் மட்டும் மாறும்.

முதற்சான்று ராஜபாளையம். ரகரம் தமிழில் மொழிமுதல் ஆகாது என்பவர்கள் முன்னே இகரம் சேர்த்து இராஜபாளையம் என்று எழுதுவர், மற்றவர்கள் சேர்ப்பதில்லை. ஒரே கோப்பில் இரு கட்சியும் இருக்கும். இலக்கணப் பற்றுடைய ஒருவர் ‘ராஜபாளையம்’ எல்லாம் ‘இராஜபாளையம்’ ஆகுக என்று கட்டளையிட்டால், ஏற்கெனவே இகரம் பெற்றவை ‘இஇராஜபாளையம்’ ஆகும். மறுமுறை ஓட்டினால் இன்னோர் இகரம். இதற்கிடையில் ‘ராஜபாளையத்தில்’, ‘ராஜபாளையத்துக்காரர்’ ஆகியன சற்றும் அசையாமல் நிற்கும், ஏனெனில் வேற்றுமை ஏறியதும் இறுதி மகரமெய் மறைந்துவிடுகிறது. செட் இங்கே சொன்னதைத்தான் செய்தது. தேடச் சொன்னதுதான் தவறு. இகரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என்று தேடற்கோவையில் குறித்து, ‘ராஜபாளைய’ என்பதோடு நிறுத்தினால் இரு நோயும் ஒருசேரத் தீரும்.

இரண்டாம் சான்றான ஸ்ரீவில்லிபுத்தூர் இன்னும் நுட்பமானது. ஸ்ரீ என்ற எழுத்தை யூனிகோடில் இரு வழியாக எழுதலாம். நெடுங்காலமாக ஸகரத்தில் தொடங்கி எழுதிவந்தார்கள், 2005இல் 4.1ஆம் பதிப்பில் ஶகரம் தனிக்குறியீடு பெற்றதும் அதில் தொடங்கும் வழியும் வந்தது. பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாக வரைகின்றன. யூடிஎஃப்-8 முறையில் இரண்டுக்கும் பன்னிரண்டு பைட்டுதான், ஆகவே அளந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. கண்ணுக்கு அத்வைதம், கிரெப்புக்கு துவைதம். ஆண்டாள் அவதரித்த ஊரில் இரண்டுமே எடுபடாது. இதனுடன் வில்லிபுத்தூர், செய்தித்தாள்களின் ஸ்ரீவி, இறுதிப் புள்ளி கழன்ற ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆகியவற்றையும் சேர்த்தால், ஓர் ஊரைக் கோப்பில் கண்டுபிடிப்பது அங்கே பஸ்ஸில் போய்ச் சேர்வதைவிடக் கடினம் என்பது புலனாகும்.

மறுப்பாளர் கேட்கலாம்: ஸ்ரீயை எல்லாம் திருவாக்கிவிட்டால் சிக்கல் ஒழியாதா? திருவில்லிபுத்தூர் நன்றாகவே அமையும், ஸ்ரீவைகுண்டமும் தப்பும். ஆனால் ஸ்ரீரங்கம் திருவரங்கம் ஆகாமல் ‘திருரங்கம்’ ஆகும். ஸ்ரீபெரும்புதூர் ஒற்றுப் பகரத்தை இழந்து நிற்கும். ஸ்ரீதர் என்ற பெயருள்ளவர் ‘திருதர்’ ஆகித் தம் ஆதார் அட்டையோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். அப்படியானால் மாற்றுவதும் கடினந்தானே என்று மறுப்பாளர் மகிழ வேண்டாம். அடுத்து வல்லினம் வருகிறதா, வருவது ஊர்ப்பெயரா ஆள்பெயரா என்று பார்ப்பதும் தேடலே. புணர்ச்சி விதி முழுவதும் முதல் இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவில்தான் வாழ்கிறது.

சரி, கையால் திருத்தினால் என்ன என்பது இரண்டாம் மறுப்பு. நூறு பக்கத்துக்குச் சரி. மாவட்ட அளவில் என்ன ஆகும் என்பதற்கு இம்மாவட்டமே சான்று. 1985இல் இராமநாதபுரம் மாவட்டம் பிரிந்தபோது இது காமராஜர் மாவட்டம் ஆனது. 1997இல் விருதுநகர் மாவட்டம் ஆனது. அத்தனை ஆவணத்தையும் கையால் திருத்தக் கண் போதாது. கண்ணை மூடிக்கொண்டு காமராஜரை விருதுநகராக்கினாலோ, விருதுநகரில் பிறந்து விருதுநகர் முதலமைச்சரானார் என்று வரலாறு எழுதப்படும். ‘காமராஜர் மாவட்ட’ என்று ஒரு சொல் நீட்டித் தேடியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். மாநில அளவிலும் சான்று உண்டு. 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை 2020 ஜூனில் பேச்சானது. புதிய கூட்டல்கள் கேலிக்குள்ளாகவே அதே மாதம் திரும்பப் பெறப்பட்டது. காப்புப்பிரதி வைத்துக்கொண்டு செட்டை ஓட்ட வேண்டும் என்ற விதியை அரசு தன்னையறியாமல் கடைப்பிடித்த அரிய நிகழ்ச்சி இது.

ஆகவே மாற்றுக்கட்டளையை எடைபோட ஓர் உரைகல்லை இவ்வாய்வு முன்மொழிகிறது: ஒருமுறை ஓட்டிய கோப்பில் மறுமுறையும் ஓட்டுக. எதுவும் மாறவில்லை என்றால் ஒரு தகுதி தேறியது. இகரம் பெருகினால் தேடல் தோற்றது. இதில் தேறியும் காமராஜரைத் தொலைக்கும் கட்டளைகள் உண்டு என்பதால், முதலில் கிரெப்பை ஓட்டி, அகப்பட்ட வரிகளை ஒருமுறை படித்துவிடுவது நலம். செட் அதுவரை காத்திருக்கும்; அவசரம் எப்போதும் தட்டச்சு செய்பவருக்குத்தான்.